ஒரு சைஸ் பெரிய பட்டை

நாய்க்குப் பெல்ட் விற்கிற கடைக்கு யாரும் நாயைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. ஆள் மட்டும் வருவார். கையை அகட்டி, "இவ்வளவு உயரம் இருக்கும்" என்பார். அதை வைத்து நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொட்டாரம் ஊரில் என் கடையில் பதினாலு வருடமாக இதுதான் நடக்கிறது. தீவனம், சங்கிலி, கழுத்துப் பெல்ட், பாடி பெல்ட். பாடி பெல்ட் என்பது கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் பூட்டுகிற பட்டை. வெளியே கூட்டிப்போனால் தோள்பட்டையைப் பிடுங்குகிற நாய் உங்கள் வீட்டிலும் இருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

போலீஸ் நாய்ப் பட்டை

அருமனையிலிருந்து ஒருவர் வந்தார். கல்ஃபிலிருந்து திரும்பி வந்து ரப்பர் தோட்டம் பார்க்கிறவர். வீட்டில் ஒன்றரை வயது லேப்ரடார். ஆளைக் கண்டால் பாயும், அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். போனில் ஒரு படம் காட்டினார். கனத்த கறுப்புப் பட்டை, முதுகில் வளையம், பக்கவாட்டில் பெரிய இங்கிலீஷ் எழுத்து. இதுதான் வேண்டுமாம்.

முதுகில் வளையம் இருந்தால் இழுக்கிற நாய் இன்னும் இழுக்கும் என்றேன். கழுத்து நோகாது. பாரம் நெஞ்சு முழுக்கப் பரவும். வண்டிக் காளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இழுக்கும். நெஞ்சில் வளையம் வைத்தது வேறொன்று இருக்கிறது. அதில் கயிற்றை மாட்டினால், பாயும்போது நாயின் உடம்பு நம் பக்கமாகத் திரும்பிவிடும். பாய்ச்சல் அதோடு தீர்ந்தது. இரண்டையும் மேசையில் போட்டேன். அவர் நெஞ்சு வளையத்தைத் தொடவே இல்லை. கறுப்பைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "நாயி இழுத்தா இழுத்துட்டுப் போட்டும் அண்ணே, ரோட்டுல நாலு பேரு பாத்தா கொள்ளாம்னு சொல்லணும்."

வளர்கிற நாய்

ஜெசிந்தா என்கிற அம்மா கடியப்பட்டணத்திலிருந்து வந்தார். மீன் விற்கிறவர், ஐம்பது தாண்டியிருக்கும். ஒரே மகன் கத்தாருக்குப் போகும்போது குட்டியைத் தாயிடம் விட்டுப் போயிருக்கிறான். சிப்பிப்பாறைக் கலப்பு, பத்து மாதம், பெயர் ராக்கி. கரையில் வள்ளம் ஏற்றுகிற சத்தம் கேட்டால் அதற்கு நிலைகொள்ளாது. இரண்டு தடவை கழுத்துப் பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடி, கருவாடு காயப்போட்ட பாய்களில் புரண்டிருக்கிறது. ஒரு கிழவியைத் தள்ளியும் விட்டது. ஊர்க் கமிட்டியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், இனி ஒரு தடவை அவிழ்ந்து வந்தால் நாய் ஊரில் இருக்கக்கூடாது. மகன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். தினமும் போனில் தாயிடம் பேசுமுன் நாயிடம்தான் பேசுவானாம். அவன் வருகிறவரை அது வீட்டில் இருக்க வேண்டும். அந்தம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நடு சைஸில் ஒன்று எடுத்தேன். ஒரு சைஸ் பெரியது கேட்டார். இங்கே பள்ளிக்கூட யூனிஃபார்ம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். கையை மடித்து, அடியை மடித்துத் தைத்து, மூன்று வருடம் ஓட்டுவார்கள். யூனிஃபார்ம் பெரிதானால் பிள்ளை ஓடிப் போய்விடாது. சிப்பிப்பாறைக் கலப்புக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டல், தலை ஒடுக்கம். தொளதொளப்பாகப் பூட்டினால் பின்வாங்கி உருவிவிடும். எனக்குத் தெரியும். வாசலில் தீவன லாரி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மாவுக்குச் சந்தோஷம். "வளருற பிள்ளைக்கு எடுக்கது மாதிரிதான் அண்ணாச்சி, அடுத்த வருசமும் ஓடும்."

மேசைமேல் வைத்தது

பத்து நாளில் திரும்பி வந்தார். பட்டையை மேசைமேல் வைத்தார். வார் அறுந்திருக்கவில்லை, கிளிப் உடையவில்லை, எல்லாப் பூட்டும் பூட்டினபடியே இருந்தது. உள்ளே நாய் மட்டும் இல்லை. என்ன நடந்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்ல வேண்டாம். இருந்தாலும் அந்தம்மா சொன்னார். எதிரே பஸ் வந்ததும் நாய் மிரண்டு நின்றுவிட்டது. இவர் முன்னால் போய் நின்று கயிற்றை இழுத்திருக்கிறார். நாம் எல்லோரும் செய்கிறதுதான். நாய் தலையைக் குனிந்து பின்வாங்கியது. சட்டையைக் கழற்றுகிற மாதிரி பட்டை காதைத் தாண்டி வந்துவிட்டது. ரோட்டில் பாய்ந்த நாயின்மேல் பைக் ஏறியது. ஓட்டினவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. நாய்க்கு முன்னங்கால் முறிந்தது. மாட்டாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபம். பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். வேறு பட்டை தருகிறேன் என்றேன். கட்டுப் போட்ட நாய்க்கு எதற்கு என்று எழுந்துவிட்டார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியும்லா."

நாடா

மறுநாள் தையல்காரர் அளவு நாடா ஒன்று வாங்கி ஆணியில் தொங்கவிட்டேன். நாய் வராமல் பாடி பெல்ட் இல்லை. கழுத்தடியில் ஒரு சுற்று, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு அகலமாக இருக்கிற இடத்தில் ஒரு சுற்று. பூட்டினபின் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. குளச்சல் வியாபாரி ஒருவர் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்து அவசரமாகக் கேட்டார். நாயைக் கொண்டுவாருங்கள் என்றேன். கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். ஒன்பது வருடமாக என்னோடு கடை பார்க்கிற தங்கம் அதைப் பார்த்துக்கொண்டே தீவன மூட்டையைக் கட்டினாள். "ஒரு நாய அளக்காம விட்டதுக்கு, இனி ஊரு நாய் எல்லாத்தையும் அளக்கப் போறியளா?"

பின்வாங்கிப் பார்த்தது

ஐப்பசி மழைக்குள் ஜெசிந்தாம்மா ஆட்டோ பிடித்து ராக்கியோடு வந்தார். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. நடையில் கொஞ்சம் நொண்டல். கட்டுப் போட்டிருந்தவரை ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கால் எலும்பு கூடி மறுபடி இழுக்கத் தொடங்கியதும் கமிட்டியில் பேச்சும் தொடங்கிவிட்டது. இதுதான் கடைசி என்றார்கள்.

என் கண்ணாடியை நக்கிக்கொண்டே நின்ற நாயை மூன்று தடவை அளந்தேன். ஒடுங்கின இடுப்புப் பக்கம், விலாவுக்குப் பின்னால், மூன்றாவதாக ஒரு வார் சுற்றுகிற பட்டையை எடுத்தேன். பட்டையிலிருந்து கழுத்துப் பெல்ட்டுக்கு ஒரு குட்டி வார், ஒன்று உருவினாலும் மற்றது பிடித்துக்கொள்ள. கயிறு நெஞ்சு வளையத்தில். பிறகு குடோன் முற்றத்துக்குக் கொண்டுபோய் கேட்டைப் பூட்டினேன். முன்னால் நின்று நானே இழுத்தேன். நாய் பின்வாங்கியது. பட்டை காதுவரை வந்தது. ஒரு பிடி இறுக்கினேன். இரண்டாவது தடவை தோளிலேயே நின்றது. முறிந்த காலின் அக்குளில் உரசுகிறதா என்று விரல்விட்டுப் பார்த்தேன். உரசவில்லை. அந்தம்மா கயிற்றை வாங்கித் தானும் இழுத்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு நாயே அலுத்து உட்கார்ந்துவிட்டது. போதும் என்றேன். கயிற்றை விடவில்லை அவர். "இன்னும் ஒரு தடவ பாப்போம் அண்ணாச்சி, எனக்குப் போதும்னு தோணல்ல."

கடப்புறத்திலிருந்து போன்

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது சாயங்காலம் போன் வந்தது. முதலில் வெடிச் சத்தம், பிறகு ஆட்களின் கூச்சல். அந்தம்மா மூச்சு வாங்கினார். முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் மகன் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறான்.

பிள்ளைகள் கடப்புறத்தில் மாலைவெடிச் சரம் கொளுத்தியிருக்கிறார்கள். நாய் மிரண்டு முழு பலத்தோடு பின்வாங்கியது. கயிறு கையில் சுற்றியிருந்ததால் இவர் மணலில் முழங்கால் குத்தி விழுந்தார். கமிட்டிக்காரர் ஒருவரே ஓடிவந்து பட்டையின் முதுகில் இருக்கிற கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். அடிபட்டதா என்று கேட்டேன். "விழுந்தது நான்தான் அண்ணாச்சி, நாய் அங்கினயேதான் நிக்குது, பட்டைய விட்டு வரல்ல."

நாய்க்குப் பொறுமை பழக்க முடியுமா என்று இன்றும் கடையில் கேட்கிறார்கள். நாயைப் பற்றி எனக்குத் தெரியாது, கடைக்காரனுக்குப் பழக்க ஒரு நாயின் கால் முறிய வேண்டியிருந்தது.