மாமாவுக்கு வந்த வெடிப்பெட்டி

எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் சுடுகாடு. விருதுநகரில் மிளகாய் வத்தலும் எள்ளும் வியாபாரம் செய்தவர்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கொட்டகை. கொட்டகை என்பது சும்மா வாயில் வருகிற பேச்சு. கல்தூண்கள், செங்கல் வளைவுகள், புகை போக உச்சியில் திறப்பு வைத்த ஓட்டுக் கூரை, கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. புதிதாகப் பார்க்கிறவர்கள் கல்யாண மண்டபம் என்றே நினைப்பார்கள். அவ்வளவு செலவழித்தவர்கள் ஒரு கல்லில்கூடத் தங்கள் பெயரை வெட்டி வைக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அதைச் சுற்றி நினைவுத் தோட்டம் வந்தது. பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவரின் உபயம். அரளிச் செடிகளுக்கு நடுவே சிமெண்டுப் பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சிலும் அவர் பெயர். நுழைவு வளைவின் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அங்கேயும் சலவைக் கல்லில் அவர் பெயர். உட்காருகிறவர் முதுகில் அச்சுக் குத்தாத குறைதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு நாங்கள் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே ஓடிப் பிடித்து விளையாடி, அவரைப் பெரிய தர்மப்பிரபு என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

என் தாய்மாமா வேலை பார்த்தது அவர் கம்பெனியில்தான். காலையில் கம்பெனி பஸ் ஏறி விஸ்வநத்தம் போவார். தீபாவளி சீசனில் ஒருநாள் வெடிமருந்து கலக்கிற ரூம் வெடித்தது. மறுநாள் அவரைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

எங்கள் பக்கம் சாவு என்றால் வெடி உண்டு. வீட்டிலிருந்து சுடுகாடு வரை சரம் கொளுத்திக்கொண்டே போக வேண்டும். சத்தம் எவ்வளவோ, மரியாதையும் அவ்வளவு. பாடை எடுக்கிற நேரத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது. போர்மேன் இறங்கி மாலையைப் போட்டுவிட்டு, இரண்டு பெரிய பெட்டிகளை வாசலில் வைத்தார்.

“முதலாளி குடுத்து விட்டாக. தாராளமாப் போடுங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் எந்தச் சாவுக்கும் அவ்வளவு வெடி வந்ததில்லை. மாமாவின் மனைவியான அத்தை எழுந்து வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இது எந்த ரூம்ல செஞ்சதுண்ணே?”

போர்மேன் மாலையைச் சரிசெய்யக் குனிந்தார். மாமாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்த குடம், குளிப்பாட்ட வழியில்லாமல் ஓரமாக நிறைந்து நின்றது. அத்தை அதைத் தூக்கி இரண்டு பெட்டிகளிலும் கவிழ்த்தாள்.

“வெடியில்லாம ஊமையாக் கொண்டு போனா ஊரு என்ன பேசும்?” என்று என் அப்பாவே சத்தம் போட்டார்.

“பேசட்டும். அவுக காதுல அந்தச் சத்தம் இனிமே விழ வேண்டாம்.”

சங்கும் சேகண்டியும் மட்டும் முன்னால் போயின. பெண்கள் பாதி வழியிலேயே நின்றுவிட, அத்தை வளைவு வரைக்கும் நடந்தாள். நானும் கூடவே போனேன். வழக்கப்படி அங்கே பாடையை இறக்கி, தலைமாட்டைத் திருப்பித் தூக்கினார்கள். மேலே சலவைக் கல்லில் முதலாளி பெயர் பளபளத்தது. இவ்வளவு பெரிய மனிதர் கொடுத்ததை இப்படி அவமானப்படுத்திவிட்டாளே என்று அத்தை மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்தபோது போர்மேன் ஈரப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். “ரெண்டு நாள் வெயில்ல காய வச்சா வித்துரலாம்,” என்று டிரைவரிடம் சொன்னார்.

“அதை எடுக்காதீக. குழி தோண்டிப் புதைங்க,” என்று அத்தை வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். யாரோ அவள் கையை விலக்கிவிட்டார்கள். வேன் நகர்ந்ததும், விரித்த தலையோடு தெருமுனை வரை அதன் பின்னால் ஓடினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். நானும் அப்படியே நினைத்தேன். நல்ல வெடி வீணாகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்கூட.

நனைந்த வெடி காயும்போது தானாகவே பற்றி வெடிக்கக்கூடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதைக் காய வைக்கப்போவது சலவைக் கல்லில் பெயர் போட்டவர் அல்ல, மறுநாள் காலை எங்கேயோ ஒரு தெருவில் கம்பெனி பஸ் ஏறப்போகிறவர் என்பதும் தெரியாது. அந்த ஆளுக்காகத்தான் அத்தை ஓடினாள்.