மஞ்சள் பாத்திக்கு மேலே பிளாஸ்டிக் புல்

எங்கள் பள்ளியில் பசுமை என்பது ஒரு கட்டம். நாட்பாடத் திட்டத்தில் 'விரவிவரும் கூறு' என்று ஒரு கட்டம் உண்டு. கணிதம் நடத்தினாலும் சரி, இசை நடத்தினாலும் சரி, அதில் ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். முன்பெல்லாம் 'நன்னெறிப் பண்பு' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். பேண்தகு மேம்பாட்டுக் கல்வியை எல்லாப் பாடங்களிலும் கலக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதன் பிறகு 'நிலைத்தன்மை' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

நான் அங்கே அறிவியல் ஆசிரியை. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய லகாட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்ததாம். தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது பள்ளியைத் தூக்கி, ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில் கொண்டுவந்து போட்டார்கள். கட்டடம் புதிது, மின்விசிறி எல்லாம் நன்றாகச் சுற்றும். மண்தான் கிடையாது. வெறும் வெள்ளை மணல். லாலாங் புல்லே அங்கே யோசித்து யோசித்துத்தான் முளைக்கும்.

எங்கள் தலைமையாசிரியர் சபைகூடலில் நன்றாகப் பேசுவார். அவருக்கு வரும் வேலை அது ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை மைக்கைப் பிடித்து, பள்ளி பசுமைப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறது, ஒவ்வொரு மாணவரும் பத்துக் காலி நெகிழிப் புட்டிகள் கொண்டுவர வேண்டும், அவற்றை வெட்டிப் பூச்சாடி செய்து பூமியைக் காப்பாற்றப் போகிறோம் என்றார். அந்த வாரமே புட்டிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. எல்லாம் புத்தம்புதுசு, மூடி கூடக் கசங்கவில்லை.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அம்மா பத்து காஜா ஊர் மருத்துவமனையில் துப்புரவு வேலை, அப்பா லாரி ஓட்டுகிறார். அவளுக்கு வாயில் பூட்டே கிடையாது. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள்.

"டீச்சர், எங்க வீட்டுல பாட்டில் தண்ணியே குடிக்க மாட்டோம். அப்பா கடையில ஒரு காட்டன் பெட்டி தண்ணி வாங்கி, தண்ணிய எல்லாம் லோங்காங்கு சாக்கடையில ஊத்திட்டாரு. இது பூமியக் காப்பாத்துற மாதிரியா இருக்கு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இதே பெண்தான் தமிழ்ப் பாடத்தில் 'நான் ஒரு நெகிழிப் புட்டி' என்று தன்கதைக் கட்டுரை எழுதச் சொன்னபோது, பாட்டில் எப்படிப் பேசும், பொய்தானே என்று கேட்டு வெளியே நிறுத்தப்பட்டவள். பொய் என்றால் அவளுக்கு ஆகாது. பத்து வருடம் ஆசிரியர் அறையில் குப்பை கொட்டிய எனக்கு அவளைப் பார்த்தால் மூச்சு வந்த மாதிரி இருக்கும்.

போட்டிக்காக இல்லை, அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் அந்தப் பாத்தியைத் தொடங்கினேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நாலு பலகையை அடித்து, முதலில் மண்ணைச் செய்வோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, காய்ந்த இலை, வாசலில் இருக்கிற மாமாக் தேநீர்க்கடையில் வடிகட்டிய தேயிலைத் தூள், எல்லாம் போட்டுக் கிளறினோம். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஓர் அம்மா நேரில் வந்து, "எம்பிள்ளை குப்பை அள்ளவா ஸ்கூலுக்கு வருது?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். ஆசிரியர் அறையில் எனக்கு 'சம்பா டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். சம்பா என்றால் மலாயில் குப்பை. வைத்தவர்கள் மூன்று பேரும் அந்த வாரம் பாடத்திட்டத்தில் 'நிலைத்தன்மை' எழுதியவர்கள்தாம்.

சில மாதங்களில் அந்தக் குப்பை கறுத்துப் பொலபொலவென்று ஆனது. அந்தப் பெண் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்.

"மழை வாசம் வருது டீச்சர்!"

அதில் மஞ்சள் நட்டோம். தை பிறக்கும்போது கிழங்கு முற்றிவிடும், பள்ளிப் பொங்கலுக்கு நம் மஞ்சளைத்தான் பானையில் கட்டப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். வழக்கமாக ஈப்போவில் வாங்கிவருவார்கள். இந்தத் தடவை கடைக்குப் போக வேண்டாம், நாம் செய்த மண்ணில் விளைந்தது போதும். அவ்வளவுதான் என் பாடம், அதற்கு மேல் தத்துவம் ஒன்றும் கிடையாது. நன்றாக வரும் செடியைப் பானைக்கு எடுப்போம் என்றதும் அந்தப் பெண் ஒரு மூலையில் இருந்த செடிக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டாள். அது அவளுடையதாம், அதுதான் பானைக்குப் போகுமாம். ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு பாத்தி ஓரமாகவே உட்கார்ந்து சாப்பிடுவாள். அலுவலகத்தில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ரெண்டாங் கறி சமைக்கும்போதெல்லாம் வந்து இலை பறித்துப் போவார். அவர் கூட அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் பறிப்பார்.

டிசம்பர் விடுமுறைக்கு முன் தலைமையாசிரியர் பாத்திப் பக்கம் வந்தார். நடுவர்கள் ஜனவரியில் வருகிறார்கள் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. அடி இலைகள் அப்போது மஞ்சளித்துச் சாயத் தொடங்கியிருந்தன.

"என்ன டீச்சர் இப்படிக் காஞ்சு கெடக்கு? தண்ணி ஊத்தலையா?"

"தண்ணி இல்லாம இல்ல சார். கெழங்கு முத்துனா எல காயும். பொங்கல் வரைக்கும் நுனி பச்சையாதான் இருக்கும். அடியில பாருங்க, நல்லா வெளைஞ்சிருக்கு."

"அடியில இருக்கிறத நடுவர் எப்படிப் பார்ப்பாங்க?"

இவர் கல்வியியலில் பட்டம் வாங்கியவர். மஞ்சள் பூசிக் குளித்த அம்மாவின் வயிற்றில்தான் பிறந்திருப்பார். மஞ்சள் மண்ணுக்கு அடியில் விளையும் என்பது இவருக்குக் குறையாகத் தெரிகிறது! கையில் இருந்த நீர்த்தெளிப்பானை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்ததால் கவிழ்க்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள், காரை நிறுத்திவிட்டு நேரே சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் போனேன். பாத்தி இல்லை. பலகைகள் இல்லை. அந்த இடம் முழுக்கப் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. புல்லில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் பூச்சாடிகளைக் கழுத்துவரை மணலில் புதைத்திருந்தார்கள். செவ்வந்தி, ரோஜா, இன்னும் பெயர் தெரியாத ஏதேதோ. நாற்றுப்பண்ணையில் வாடகைக்கு எடுத்ததாம். சுற்றிலும் அந்த நெகிழிப் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி வேலி.

அலுவலகத்து அக்காதான் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகவும், "சாயாங்லா சிக்கு", அநியாயமாகப் போச்சே டீச்சர் என்றும், மண்ணோடு சேர்த்துச் சுரண்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கத்தினேன். கதவைக் கூடச் சாத்தவில்லை.

"பிள்ளைங்க ஒரு வருசமா செஞ்ச மண்ணு சார் அது! மஞ்சளத்தான் புடுங்குனீங்க, மண்ணையும் எதுக்கு அள்ளிப் போட்டீங்க?"

"நாத்தம் அடிக்குதுன்னு காண்டிராக் ஆளு சொன்னான். டீச்சர், கொஞ்சம் பெருசா யோசிங்கலா. ஜெயிச்சா நம்ம ஸ்கூல் பேரு மாநிலம் முழுக்கத் தெரியும். பொங்கலுக்கு மஞ்சள் நானே வாங்கித் தாரேன்."

வாங்கித் தருவாராம். சீ, இந்த மனிதரிடம் போய்க் கத்தினேனே என்று ஆகிவிட்டது. திரும்பும்போது வேலியோரம் விழுந்து கிடந்த சில கிழங்குகளை மட்டும் பொறுக்கிக் காரில் போட்டுக்கொண்டேன்.

வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண் மட்டும் கேட்டாள்.

"என் செகப்பு நூலுமா போச்சு டீச்சர்?"

போச்சு என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

போதாக்குறைக்கு நடுவர்களிடம் பேசுவதற்கு அவளையே பிடித்தார்கள். மலாய் அவளுக்குத் தண்ணீராக வரும். தலைமையாசிரியரே வசனம் எழுதி, இரண்டு நாள் தன் அறையில் உட்காரவைத்து மனப்பாடம் செய்யவைத்தார். வேண்டாம், அவளை விட்டுவிடுங்கள் என்றேன். "அவங்க அம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?" என்றார். அந்த அம்மாவும் வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து, "எம்மகதான் பேசப்போறா டீச்சர்" என்று முகமெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் நான் என்னத்தைச் சொல்ல?

நடுவர்கள் வியாழக்கிழமை வந்தார்கள். அவள் வசனத்தை ஒப்பித்தாள். பூமி நம் தாய், எதிர்காலத் தலைமுறைக்கு அதைக் காப்போம், இத்யாதி. எல்லாரும் கைதட்டினார்கள். நடுவர்களில் ஓர் அம்மா மட்டும் குந்தி உட்கார்ந்து, ஒரு செவ்வந்தியைத் தொட்டு, வசனத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டார். இதை யார் நட்டது, எப்படி வளர்த்தீர்கள்?

தலைமையாசிரியரின் முகம் வெளிறியது. எனக்குச் சந்தோஷம் பொங்கியது, மறைப்பானேன். இந்தப் பெண்ணிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே மகராசி, வாங்கிக்கொள்ளுங்கள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நடுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நாங்கள்தான் நட்டோம், விதையிலிருந்து வளர்த்தோம், முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம், இந்த மண்ணைக் கூட நாங்களே செய்தோம், முதலில் நாறியது, அப்புறம் மழை வாசம் வந்தது என்றாள். திக்கவில்லை, திணறவில்லை. மண்ணைப் பற்றி அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த மண்தான் அங்கே இல்லை. நடுவர் அம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு நிறைய எழுதிக்கொண்டார். நான் அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாகி நிற்பது தலைமையாசிரியர் இல்லை, அந்தப் பிள்ளைதான்.

எல்லாரும் போனதும் ஓடிவந்தாள்.

"சரியாச் சொன்னேனா டீச்சர்?"

"மலாய் நல்லா இருந்துச்சு" என்றேன்.

மறுநாளே நாற்றுப்பண்ணை லாரி வந்து செடிகளை ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டைகளோடு புல் கிடந்தது. அடுத்த வாரம் பொங்கல். தலைமையாசிரியர் சொன்ன சொல் தவறவில்லை. பேரங்காடியில் மஞ்சள் வாங்கிவந்தார். வெள்ளைத் தட்டில் வைத்து நெகிழித்தாள் சுற்றிய கிழங்கு, இலையே கிடையாது. பானைக் கழுத்தில் கட்டுவதற்கு வழி இல்லாமல் பசைநாடா போட்டு ஒட்டினார்கள். தீ மூட்டியதும் அது கழன்று விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

போட்டியில் பரிசும் வந்தது. பள்ளி வாசலில் ஆளுயரப் பதாகை கட்டினார்கள், அதுவும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் புல்லில் நின்று அந்தப் பெண் சிரிக்கும் படம். அவளுடைய அம்மா அதன் முன் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து, நிலைத்தன்மைக் கல்வியைப் பாடத்தில் எப்படிக் கலப்பது என்று எங்கள் தலைமையாசிரியரிடம் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். மண் எங்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை.

மார்ச்சில் புதிய பள்ளியாண்டு தொடங்கியது. அவள் ஆறாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். நான் காரில் எடுத்துப்போன கிழங்குகள் என் சமையலறையில், ஈரச் சாக்குக்குள் முளை விட்டிருந்தன. ஒரு காலையில் ஒரு கிழங்கைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். நம் பழைய பாத்தியில் விளைந்ததுதான், வா, மறுபடியும் மண்ணிலிருந்து தொடங்குவோம் என்றேன். பள்ளிக்குள் வேண்டாம், வேலிக்கு வெளியே இடம் பார்த்திருக்கிறேன், இந்தத் தடவை யாரும் தொட மாட்டார்கள் என்றேன். என் குரலே எனக்குக் கெஞ்சுவது போல் இருந்தது.

அவள் முளையைத் தொட்டுப் பார்த்தாள். என்மேல் பாவப்பட்ட மாதிரி, அன்பாகத்தான் சொன்னாள்.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு கஷ்டம்? அவங்க வாரதுக்கு முதல் நாள் கடையில வாங்கி வச்சிரலாம்லா. நான் நல்லாப் பேசிருவேன்."

மணி அடித்தது. கிழங்கை என் கையில் திருப்பி வைத்துவிட்டு வரிசைக்கு ஓடினாள்.