இலையிசாவின் ஒரே குளிர்காலம்

பனியையே பார்க்காத எங்கள் தவேயுனித் தீவில் ரக்பி ஆடும்போது இலையிசாவைக் கீழே தள்ள இரண்டு பேராவது வேண்டும். நியூசிலாந்துப் பனிமலையில் யாருமே தேவைப்படவில்லை. சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிய நிமிடமே விழுந்தான்.

இலையிசா என் அத்தை மகன். சேப்பங்கிழங்குத் தோட்டம், மனைவி லித்தியா, இரண்டு பெண் பிள்ளைகள் என்று இருந்தவன். புயல் தோட்டத்தைப் புரட்டிப் போட்ட வருஷம், "இந்தத் தடவை நானும் வர்றேன் மனோவா" என்றான். அதற்கு முன் மூன்று குளிர்காலம் நான் அந்தச் சறுக்கு மைதானத்தில் வேலை பார்த்திருந்தேன். அவன் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பனிச்சறுக்கு தெரியுமா என்று ஒரு கேள்வி. தெரியாது என்றால் எடுப்பார்களோ மாட்டார்களோ. தெரியும் என்று எழுதினேன்.

"பொய்யாச்சே" என்றான்.

"போய்க் கத்துக்கிட்டா உண்மையாயிடும்."

போன முதல் வாரமே அவன் உதடு வெடித்து ரத்தம் வந்தது. இரண்டு கம்பளிக்குள் சுருண்டும் பல் கிட்டியது. ஆனால் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பியில் தொங்கி மலையேறும் நாற்காலி லிஃப்டின் கீழ் நிலையத்தில் நானும் அவனும் பனியை வாரித் தள்ளினோம். வருகிறவர்களை நாற்காலியில் ஏற்றிவிட்டோம். மேலாளர் கிரேம், "மூணு ஆள் வேலையை இவன் ஒருத்தனே பார்க்குறானே" என்பார்.

மாலையில் கூட்டம் போனபின் சின்னச் சரிவில் பழகுவோம்.

"முட்டியை மடக்குடா, எருமை!"

"மடக்கினா விழறேன் மச்சான்."

"மடக்காமலும்தானே விழற!"

ஆறு வாரத்தில் சின்னச் சரிவில் விழாமல் இறங்கினான். அதற்கு மேல் வரவில்லை.

அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டில் மலையுச்சி நிலையத்தில் இருந்தவன் வேலையை விட்டுப் போனான். லிஃப்ட் நின்றால் அங்கிருந்து சறுக்கித்தான் இறங்க வேண்டும். "நீ மேலே போறியா?" என்று கிரேம் கேட்டதும் இலையிசா தலையாட்டிவிட்டான். தனியே பிடித்துக் கேட்டேன்.

"ஏண்டா ஒத்துக்கிட்டே?"

"தெரியும்னு எழுதியாச்சே. இப்ப இல்லைன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க."

நான் கிரேமிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தே அவன் தினமும் இறங்கி வந்ததால், பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மதியம் காற்று திடீரென்று வலுத்தது. லிஃப்டை நிறுத்தினார்கள். ரேடியோவில் கிரேம் சொன்னார்: "இலையிசா, மலை மீட்புக் குழுப் பொண்ணு அங்க வர்றா. அவ பின்னாடியே சறுக்கி இறங்கிடு."

ரேடியோ கரகரத்தது. பிறகு, "சரி" என்றான். அந்தக் குரலை எனக்குத் தெரியும். என் கையிலும் ஒரு ரேடியோ இருந்தது. கிரேம் பக்கத்திலேயே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பாதி வழியில் மேகம் கவிந்தது. அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தபோது பின்னால் வந்துகொண்டிருந்தான். மூன்றாம் முறை இல்லை. அவள் தனியாக வந்து சேர்ந்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

"அவனுக்குச் சறுக்கத் தெரியாது. நான்தான் அப்படி எழுதினேன்."

கிரேம் என்னைப் பார்த்தார். "இதை இப்பவா சொல்றே?"

இலையிசா கட்டைகளைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறான். மைதானத்தின் எல்லைக் கயிறு கண்ணுக்குத் தெரியாமல் பள்ளத்தில் விழுந்திருக்கிறான். கண்டுபிடிக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. முழங்கால் உடைந்திருந்தது. வலது கையில் உறை இல்லை.

மருத்துவமனையில் அந்தக் கையில் உறைந்து செத்துப்போன நான்கு விரல்களையும் வலது காலின் எல்லா விரல்களையும் எடுத்தார்கள். கண் விழித்ததும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இனிமே என் கையெழுத்தையும் நீயே போட்டுடு மச்சான்" என்று சிரித்தான். நான் வெளியே போய்விட்டேன்.

அக்டோபரில் ஊர் திரும்பினோம். வழக்கப்படி திமிங்கலப் பல்லை இரு கையிலும் ஏந்தி, இலையிசாவின் அப்பாவான என் மாமா வீட்டுப் பாயில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். மாமா பல்லை வாங்கிக்கொண்டார். "முடிஞ்சுது. எழுந்திரு" என்றார். அவர் வாங்கிக்கொண்டால் முடிந்ததுதான். அதற்குப்பின் ஊரில் யாரும் அதைப் பேசக் கூடாது.

வெளியே வந்தபோது லித்தியா சமையல் கொட்டகை வாசலில் நின்றாள்.

"அண்ணே, கடைசியா ரேடியோவுல அவர் என்ன சொன்னார்?"

"சரின்னு சொன்னான்."

"பயந்து சொன்னாரா?"

"ஆமா."

"அது உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல முடியவில்லை. தெரிந்தது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது, என்னோடு பேசுவதில்லை.

தோட்டத்தில் இப்போது அவள்தான் கடப்பாறையால் குழி போடுகிறாள். இலையிசா பின்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, இடது கையால் கிழங்குக் கன்றை நட்டு மண்ணைத் தள்ளுகிறான்.