விறாந்தைக்குப் போகச் சொன்ன நீதிபதி

வழக்கு என்றால் நீதிபதி கேட்பார், தீர்ப்புச் சொல்வார், வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நெதர்லாந்துக்காரரின் வழக்கம் வேறு என்று முன்பே தெரிந்திருந்தால், முறிந்த காலோடும் விமானம் ஏறியிருப்பேன்.

ஒஸ்லோவில் எனக்கு ஒரு மரக்கறிக் கடை. முருங்கைக்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாவற்றையும் உறையவைத்து அனுப்பிவந்தவன் நெதர்லாந்தில் இருக்கும் என் சிநேகிதன். ஒரு காலத்தில் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் நாங்கள். அவன் கலியாணம் கட்டி நெதர்லாந்துக்குப் போனான், நான் ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பகுதிக்கு வந்தேன். வியாபாரம் பெருத்தபோது ஒப்பந்தம் ஒன்று எழுதினோம். பிணக்கு வந்தால் நெதர்லாந்து நீதிமன்றமே விசாரிக்கும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம்.

ஒரு கோடையில், கோயில் கொடியேறும் கிழமை, லொறியில் வந்த பெட்டிகளைத் திறந்தால் எல்லாம் இளகி, மறுபடி உறைந்து, கட்டியாகக் கிடந்தன. வழியில் குளிரூட்டி நின்றுவிட்டது என்றேன் நான். நீ இறக்கச் சுணங்கினதால் வந்த வினை என்றான் அவன். பிறகு தொலைபேசியில் "நீ பொய் சொல்லுறாய்" என்ற சொல் விழுந்தது. அவன்தான் முதலில் சொன்னான் என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவனும் அப்படியே பண்ணுவான்.

அதற்குப் பிறகு எங்களுக்காகச் சட்டத்தரணிகள் பேசினார்கள், விடயம் நெதர்லாந்து நீதிமன்றத்துக்கே போனது. முருங்கைக்காய் வேறு இடத்தில் கிடைத்தது. இன்னொரு சிநேகிதன் எங்கே கிடைப்பான்? வழக்கு முடிந்தால் பழையபடி ஆகிவிடுவோம் என்ற நப்பாசை எனக்கு உள்ளுக்குள் இருந்தது.

விசாரணைக்குச் சற்று முன், ரயில் நிலைய வாசலில் பனியில் சறுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. காணொளியில் கலந்துகொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. எனக்கு அது வசதியாகவே பட்டது. மனைவிதான் விடவில்லை.

"இஞ்சாருங்கோ, தள்ளுவண்டிலிலையெண்டாலும் போய்ட்டு வாங்கோ. முகத்துக்கு முகம் கண்டா ரெண்டு பேருக்கும் கோவம் நிக்காது."

"அவன்ரை முகத்தை ஸ்கிரீனிலை காண்றதே எனக்குப் போதும்" என்றேன்.

நீதிபதி ஒரு பெண். இரண்டு தரப்புக் கடிதங்களையும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்திருந்தார். சட்டத்தரணிகளை நீட்டி முழக்க விடாமல் எங்களிடமே நேரே கேள்வி கேட்டார், எனக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். குளிரூட்டி நின்றதை என்னால் நிறுவ முடியவில்லை. நிற்கவில்லை என்று அவனாலும் காட்ட முடியவில்லை. "நான் தீர்ப்பு எழுதினால் ஒருவர் தோற்பார். பிறகு மேன்முறையீடு என்று இழுபடும். அறைக்கு வெளியே விறாந்தைக்குப் போய் நீங்களே பேசிப் பாருங்கள்" என்றார். அங்கே அது வழமையாம். எத்தனையோ வழக்குகள் அந்த விறாந்தையிலேயே முடிந்துவிடுமாம்.

எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள், அவனும் போனான். எனக்கு மட்டும் விறாந்தை இல்லை. கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு, கணினியில் தெரிந்த வெறும் மேசைகளைப் பார்த்தபடி இருந்தேன்.

என் சட்டத்தரணி அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார். நட்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்கலாமா என்றார். சரி என்றேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள். நீதிபதி உடன்பாட்டை அங்கேயே எழுதுவித்து வாசித்தார். இனி ஒருவரிடம் ஒருவர் கேட்பதற்கு எதுவும் இல்லை என்பது கடைசி வரி. சம்மதமா என்று கேட்டார். அவன் தலையாட்டினான், நானும் ஆட்டினேன்.

பின்னேரம் சட்டத்தரணி மறுபடி தொலைபேசி எடுத்தார். குரலில் ஒரே சந்தோசம்.

"எதிர்த்தரப்புக்காரர் உடனேயே ஒத்துக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகும் விறாந்தையில் நின்று, உங்கள் கால் எப்படி, கடையில் பெட்டி தூக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தொலைபேசியில் உங்களோடு இரண்டு வார்த்தை பேசலாமா என்றும் கேட்டார். எல்லாம் என் மூலம்தான் என்று தடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒரு தலையிடி குறைந்தது."

நல்ல மனிதர், எனக்கு உபகாரம் செய்ததாகவே நம்பினார். அவருக்கு நன்றி சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன். பேச மறுத்தது நான்தான் என்று அவன் நினைத்திருப்பான். மனைவி சொன்னதைக் கேட்டுப் போயிருந்தால், அந்த விறாந்தையில் அவனுக்கு முன்னால் ஊன்றுகோலோடு நான் நின்றிருப்பேன். இதை எண்ணி எண்ணி இப்போதும் மனம் ஆறுவதில்லை.

மறுநாள் நானே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம். என் இலக்கத்தை அவன் கண்டிருப்பான், கண்டுதான் எடுத்தான். கோபத்தின் உச்சத்தில்கூட என்னை 'நீ', 'டேய்' என்று மட்டுமே திட்டியவன், முன்பின் தெரியாத வாடிக்கையாளரோடு பேசும் குரலில் கேட்டான்:

"வணக்கம், சொல்லுங்கோ."