வெள்ளி மாலைக்குள் ஒரு வாழ்த்து அட்டை

டண்டினொங்கிலிருந்து ரெயிலில் போய், கோல்ஃபீல்டில் ஒரு யூதப் பெண்மணியின் வீட்டில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது ‘நோ’ என்ற ஒரு சொல்தான். ஆம் என்பதற்கும் அதுதான், இல்லை என்பதற்கும் அதுதான். குரலையும் முகத்தையும் வைத்து நான் ஊகிப்பேன். பல நேரம் பிழையாகத்தான் இருக்கும்.

அவருடைய பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகி, பாட் மிட்ஸ்வா வந்தது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் செய்யும் எங்கள் சாமத்தியச் சடங்கு போல என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, பிள்ளை தங்கள் கோயிலில் எல்லாருக்கும் முன்னால் நின்று வேதம் வாசிக்கும் நாள் அது என்று அவருடைய மகள் விளக்கினார். சடங்கு சனிக்கிழமை. வெள்ளி மாலை சூரியன் இறங்கி அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் எழுதுவதோ வெட்டுவதோ இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது, தாய் தடித்த காகிதத்தையும் வண்ணப் பென்சில்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். பேத்தியின் படத்தைத் தட்டிக் காட்டினார். அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை என்று விளங்கிவிட்டது. நான் காகிதத்தை மடித்துப் பிடிக்க, இடது கையால் ஒரு மாதுளம்பழம் வரைந்தார். கோடு நடுங்கினாலும் பழம் பழமாகவே இருந்தது. சிவப்பை நான் தீட்டினேன்.

பிறகு பேனையை என் கையில் திணித்து, உள்ளே வெற்றுப் பக்கத்தைக் காட்டினார். ‘மஸல் டோவ்’ என்ற வாழ்த்தைப் போனில் தேடிக் காட்டினேன். “நோ.” பேத்தியின் பெயரா? “நோ.” அன்புடன் என்று போடவா? “நோ.” நெஞ்சைத் தொட்டார், ஜன்னலைக் காட்டினார், உள்ளங்கையால் மேசையைத் தடவினார். எழுத்துகளைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வைத்திருந்த பலகையை முன்னால் வைத்தேன். விரல் எழுத்துகளின் மேல் அலைந்துவிட்டு மடியில் விழுந்தது.

ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்த என் கணவர் போன் எடுத்து, பிந்துமோ என்று கேட்டார்.

“ஓம். இவ என்னவோ சொல்லுறா, எனக்கு விளங்குதில்லை. நீங்கள் வீட்டை போங்கோ, நான் வாறன்.”

மகள் வந்து தானும் கேட்டுப் பார்த்தார். இறந்துபோன தகப்பனின் பெயர், பழைய செல்லப் பெயர்கள், ஏதோ ஒரு பாட்டின் முதல் வரி. தாய் மேசையில் அடித்தார். சத்தமில்லாமல் அழுதார்.

“பரவாயில்லை அம்மா, அவளுக்கு விளங்கும்” என்றார் மகள்.

“நோ.”

அந்த ஒருமுறை அதன் பொருளில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மகள் நேரத்தைப் பார்த்துவிட்டு ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்திகளை ஏற்றினார். எழுதத் தடையில்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். பேனையும் என் கையில்தான் இருந்தது. என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மகள் சொன்னார்: ஞாயிறு விருந்தில் பிள்ளை அட்டையைத் திறந்து, வெற்றுப் பக்கத்தைப் பார்த்து, பின்புறமும் திருப்பிப் பார்த்ததாம். எழுத மறந்துவிட்டீர்களா என்று கேட்டு, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுச் சிநேகிதிகளிடம் ஓடிவிட்டதாம்.

இன்னொரு தடவை முயன்று பார்ப்போமா என்று காகிதத்தை எடுத்து வந்தேன். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவருக்குத் தலை முழுக வார்க்கும் நாள். வெந்நீர் கலந்து, கையில் சூடு பார்த்து, மெல்ல ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.