மார்க் இருந்தால் போதுமென்று நினைத்தோம்

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் என் மூத்த மகள் ஸ்டெல்லா. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாள். நாலு ஊர் சுற்றிய என் தம்பியோ, "சயின்ஸ் குரூப் கஷ்டம்க்கா. காமர்ஸ்ல சேத்து வுடு, மார்க்க அள்ளிடுவா. மார்க் இருந்தா எந்தக் காலேஜும் கூப்பிடும்" என்றான். நம்பினோம்.

அவளும் அள்ளினாள். டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்க சேலம் போனோம். மார்க் ஷீட்டைப் பார்த்த குமாஸ்தா, "பயாலஜியே படிக்கலையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பி மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கியவள், "மறுபடியும் பிளஸ் ஒன் சேந்துக்கறேம்மா" என்றாள். அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

சின்னவளை யார் பேச்சையும் கேட்காமல் சயின்ஸ் குரூப்பில் சேர்த்திருக்கிறேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் ஸ்டெல்லா, தங்கை பள்ளிவிட்டு வந்ததும் அவள் பையிலிருந்து பயாலஜி புத்தகத்தை எடுத்துப் படிக்கிறாள். அதை மூடிவைக்கும்வரை நான் அடுப்படியைவிட்டு வெளியே வருவதில்லை.