ஷாஃப்ட்டுக்கு ஓடாத நாள்

தங்கச் சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்தால் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் குலுங்கும். உடனே பெண்கள் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வந்து தன் வீட்டு ஆள் இறங்கும்வரை யாரும் நகரமாட்டார்கள். நானும் ஓடுவேன். என் மகளும் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். இதில் கூத்து என்னவென்றால், என் கணவர் முந்தின வருடமே அப்படி ஒரு வெடிப்பில் போய்விட்டார். எனக்காக மேலே வர யாருமில்லை. கால் கேட்டால்தானே!

அறுபதுகளின் கடைசி அது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா தூக்க மாத்திரை எழுதித் தருவார் என்று போனால், பாயை விரித்தார். வியாழக்கிழமைதோறும் போக வேண்டும். முதலில் ஆசனம், பிறகு மெதுவாக மூச்சு. அப்புறம் அப்படியே படுத்துக்கொண்டு, அவர் போன அன்று நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். நெஞ்சை அடைத்தால் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடியும் மூச்சு.

"இன்னாம்மா, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. கண்ணை மூடச் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தொறந்தே வெச்சுக்கோங்க, அவசரம் இல்ல," என்பார் டாக்டரம்மா.

சில மாதங்களில் தூக்கம் வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாறைக்கடியில் மூச்சுத் திணறிப் போனவரின் பெண்டாட்டி, பாயில் படுத்து நிதானமாக மூச்சு விடப் பழகுகிறாள்! காலையில் எழுந்தால் கண்ணாடியைப் பார்க்கவே கூசியது.

"இந்த வைத்தியம் வேணாங்க. எனக்கு நல்லா ஆயிட்டா அவர உட்டுட்ட மாதிரி இருக்குது," என்றேன் டாக்டரம்மாவிடம்.

"அதையும் சொல்லுங்க. கேக்கத்தானே இருக்கேன்," என்றார். திட்டியிருந்தால் போவதை நிறுத்தியிருப்பேன்.

ஒருநாள் மதியம் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. தெருவெல்லாம் ஓட்டம். பக்கத்து வீட்டுக்காரியும் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினாள். என் உடம்பும் உதறியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். உதறல் மெல்ல அடங்கியது. அடங்கியதும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. ஊரே தன் ஆளுக்காக ஓடுகிறது. அவருக்காக ஓட இனி ஒருத்தியும் இல்லை.

மகள் எச்சில் கையோடு வாசலில் போய் நின்றிருந்தாள். "ஏம்மா, போகலியா?"

"அங்க நமக்கு யாரும் இல்ல கண்ணு. அப்பா செத்துப் போயிட்டாரு."

அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதே இல்லை. டாக்டரம்மாவிடம்கூட, அவர் மேலே வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். நானே அவரைக் கொன்றுவிட்டது போல் பதறினேன்.

மகள் திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். "தெரியும்மா. நீ தனியா ஓடுறியேன்னுதான் நானும் கூட வந்தேன்," என்றாள்.